திருமூர்த்தி அண்ணன் சொன்ன அளவுகள்

திருமூர்த்தி அண்ணன் தவறிய செய்தியை எனக்குச் சொன்னவர், என் அலுவலகத்துக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய். என் தொலைபேசி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அண்ணனின் வீட்டார் சைக்கிள் கடைக்குப் போன் செய்து, மாடியில் இருக்கும் இஞ்சினியரம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறார்கள். பாய் படியேறி வந்து கதவருகே நின்றார். "உங்க தகட்டுக்காரர் காலையில தவறிட்டாருங்களாம் அம்மணி. நெஞ்சு வலியாம்" என்றார். சரிங்க பாய் என்றேன். அவர் இறங்கிப் போனதும் வரைந்துகொண்டிருந்த படத்தைத் தொடர்ந்து வரைந்தேன். ஒரே கோட்டை மூன்று முறை இழுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வருடமாக ஒரு மனிதர் மீது வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத கோபம். அதோடுதான் பஸ் ஏறி, பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குக் கீழே போய் நின்றேன். அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மர வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்து, "அத்தனை வருசம் கூட இருந்தீங்களே, ஒரு அளவு தப்பாச் சொல்லியிருப்பாருங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது முழு உண்மை. அந்த உண்மை எப்படிப்பட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் கட்டுமானச் சங்க மலரின் ஆசிரியர் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார். நல்ல வார்த்தை நாற்பதுகூட இருக்கிறது, ஆனால் மற்றதையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றேன். எழுதுங்கள், பார்க்கலாம் என்றார். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அண்ணனை என்னைவிட அதிக நாள் தெரியும். நீங்கள் கண்ட மனிதரும் நான் கண்ட மனிதரும் ஒருவர்தான். யாருடைய நினைவையும் கெடுப்பது என் நோக்கமில்லை. என்னுடையது ஏற்கெனவே கெட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இளையவர்களுக்காக அவருடைய தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் கூரை போட இரும்பு ஆங்கிள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அப்போது ஒரு மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரத்தின் மரப்பெட்டியைப் பிரிக்கும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. பலகைகளை இணைத்திருந்தது ஆணி இல்லை. உள்ளங்கை அளவு தகடு. தகட்டிலேயே வெட்டி மடக்கிய பற்கள் மரத்துக்குள் இறங்கியிருந்தன. அவர் அதில் ஒன்றைப் பிடுங்கி வேட்டியில் முடிந்துகொண்டு, கணபதிப் பகுதியில் பம்பு மோட்டாருக்குத் தகடு அடிக்கும் பட்டறைக்குப் போனார். இதே மாதிரி அடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நம் ஊரில் அப்படிக் கேட்டால் முடியாது என்று யாராவது சொல்வார்களா? ஒரு மாதத்தில் அச்சு தயாராகிவிட்டது.

நீலகிரிச் சரிவிலிருந்து வந்த தைலமரச் சட்டங்களை முக்கோணமாக அடுக்கி, சேரும் இடங்களில் இருபுறமும் தகட்டை வைத்து அழுத்தினால் ஒரு ட்ரஸ் தயார். நாலு பேர் தோளில் தூக்கிவிடலாம். கோழிப்பண்ணை, வெல்ல ஆலை, பள்ளிக்கூடம், கொப்பரைக் கொட்டகை என்று மாவட்டம் முழுக்க அவர் கூரைகள் ஏறின. அவருக்கும் தகடு திருமூர்த்தி என்று பெயர் நிலைத்தது. இருபது வருடம் கழித்து அந்தக் கூரைகளுக்கு வயதாயிற்று. மரம் மழையில் ஊதுகிறது, வெயிலில் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் தகட்டின் பல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. பல்லின் நீளமே மூன்று நூல்தான். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். தகடு மரத்தைவிட்டு ஒரு நூல் எழும்பினாலே நான் கவலைப்படுவேன். இரண்டு நூல் எழும்பினால் ஆட்களை வெளியே வரச் சொல்லிவிடுவேன்.

நான் அலுவலகம் தொடங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தொழிற்கூடங்களுக்குக் கட்டட உறுதிச் சான்று கொடுக்கும் உரிமம் எனக்கு இருந்தது. பழைய தகட்டுக் கூரை ஒன்றைச் சோதிக்க அழைப்பு வந்தபோது, அதைப் போட்டவரையே கேட்டால் என்ன என்று அண்ணனைத் தேடிப் போனேன். அந்த முதல் கூரை ஒரு பள்ளிக்கூடத்தினுடையது. ஏணியில் நான் கால் வைத்ததும் அவர் தடுத்தார். "நீங்க எதுக்குங்க அம்மணி சேலையோட ஏறிக்கிட்டு? கீழ நாலு பேர் நிக்கறாங்க. நான் ஏறிச் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க" என்றார்.

அதை நான் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அது மரியாதைதான். மற்ற இடங்களில் ஒப்பந்தக்காரர்கள், ஏறித்தான் பாருங்களேன் மேடம் என்று சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை வாங்கி வாங்கி எனக்கு அலுத்திருந்தது. ஆகவே அன்று முதல் அதுவே எங்கள் வழக்கமாயிற்று. அவர் மேலே, நான் கீழே. பட்டறைக்காரர்கள் இடைவெளி பார்க்கும் மெல்லிய இரும்பு இதழ்களை வைத்து ஒவ்வொரு தகட்டின் அடியிலும் செருகிப் பார்ப்பார். "மூணாவது ட்ரஸ், வடகோடி, அரை நூலுங்க" என்று குரல் வரும். நான் எழுதுவேன். இதழ் நுழையவே இல்லையென்றால் ஒரே சொல்தான் வரும்: "ஒட்டு." கீழே நின்று மேலே பார்த்தால் எனக்குத் தெரிவது அவருடைய உள்ளங்கால் மட்டும்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதித் தகடுகள் எழும்பியிருந்தன. தாளாளர் வந்து, அண்ணனை ஒரு ஓரமாக அழைத்து, நீங்கள் போட்ட கூரைதானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார். "நான் போட்டதுங்கறதுனாலதானுங்க சொல்றேன். பிரிச்சுப்போடுங்க. நாளைக்கே பிரிச்சுப்போடுங்க." தான் செய்ததைத் தானே இடிக்கச் சொல்லும் ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை என்று வீட்டில் வந்து சொன்னேன். அந்த ஒரு நாளை நம்பித்தான் அடுத்த ஆறு வருடங்கள் அவர் சொன்னதை எல்லாம் எழுதினேன்.

நாங்கள் போகிற இடங்களில் முதலாளிகள் என்னைத் தாண்டி அவரைப் பார்த்துப் பேசுவார்கள். கூரை தாங்குமா என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவர் ஒருமுறைகூட அதற்குப் பதில் சொன்னதில்லை. "அம்மணிதானுங்க இஞ்சினியரு. நான் ஏணிக்காரன்" என்று சொல்லிவிட்டு பீடி பற்ற வைக்கப் போய்விடுவார். இளநீர் வந்தால் முதலில் எனக்குத் தரச் சொல்வார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. இப்படி ஒரு மனிதர் துணைக்கு இருந்தால் யாருக்குத்தான் தைரியம் வராது? கூட்டாளி என்று நான் யாரையாவது சொல்லிக்கொண்டேன் என்றால் அது அவரைத்தான்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம், வாழைத் தோப்புகளுக்கு நடுவே ஒரு வெல்ல ஆலைக் கொட்டகை. அண்ணன் மேலே ஏறி இதழைச் செருகாமலேயே இறங்கிவிட்டார். முகம் சிவந்திருந்தது. நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து ஆலைக்காரர் முந்தின நாளே ஆளை ஏற்றி, எழும்பியிருந்த தகடுகளை எல்லாம் சுத்தியலால் தட்டி மரத்தோடு ஒட்ட வைத்திருந்தார். பார்வைக்குப் புதுக் கூரை மாதிரி இருக்கும். ஆனால் பல் முன்பு பிடித்திருந்த ஓட்டை அகலமாகிவிட்டது. அதற்குள் பல்லைத் திரும்ப இறக்கினால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. அண்ணன் அந்த மனிதரைக் களத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னதை நான் அன்றே குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

"தட்டுனா தகடு ஒட்டுமுங்க. மரம் ஒட்டாதுங்க. இது எங்களை ஏமாத்தறது இல்லீங்க, கீழ அடுப்பு முன்னால நிக்கறானே, அவனை ஏமாத்தறது."

ஆலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளகோவிலுக்குப் போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஓர் ஆடி மாதத்தில். கொப்பரைக் கொட்டகை. முப்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, காய்ந்த தேங்காயிலிருந்து பருப்பை நோண்டி எடுப்பார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுவார்கள். அந்தப் புகை இரும்புக்கு ஆகாது. போகும்போதே இந்தக் கூரை தேறாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அண்ணன் பஸ்ஸில் அதிகம் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

அவர் ஏறினார். நான் குறிப்பேட்டைப் பிரித்தேன். "மொத ட்ரஸ், தெக்குக் கோடி, ஒட்டு." "மொத ட்ரஸ், நடு, ஒட்டு." "ரெண்டாவது, வடகோடி, ஒட்டு." பதினான்கு ட்ரஸ்களுக்கும் அதே சொல். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொட்டகை சதா ஒரே சூட்டில் இருப்பதால் மரம் அசையவில்லை போலும் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். மற்ற இடங்களில் சந்தேகம் இருந்தால் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளப்போம். இங்கே எல்லாமே ஒட்டு என்பதால் அதைச் செய்யவில்லை. மறு வாரம் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆவணியில் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளகோவில் என்று பத்திரிகையில் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா வந்து, தானே கரண்டியை வாங்கி எனக்கு இன்னும் கொஞ்சம் நெய் விட்டார். அவர்தான் நாங்கள் சோதித்த கொப்பரைக் கொட்டகையின் முதலாளி. நீங்கள் வந்தது ரொம்ப சந்தோசமுங்க என்றார். எவ்வளவு பண்பான மனிதர் என்று என் கணவரிடம் சொன்னேன். அந்த நெய்ச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் ஒரு மதியம், காற்றும் மழையுமாக இருந்தபோது, ஐந்தாவது ட்ரஸ்ஸின் கோடித் தகடு கழன்று விழுந்தது. ஒன்று போனதும் அடுத்தது தாங்கவில்லை. கொட்டகையின் மேற்குப் பாதி கீழே வந்தது. பெண்களில் பெரும்பாலோர் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். நான்கு பேர் உள்ளே இருந்தார்கள். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். பாவாத்தாள் என்கிற பெண்ணால் எழுந்திருக்க முடியவில்லை. மரம் வலது கை மேல் விழுந்தது. முழங்கைக்குக் கீழே அந்தக் கை பிறகு வேலைக்கு ஆகவில்லை. அவருக்கு அப்போது என் வயதுதான்.

சேதி கேட்டு மறுநாள் காலையில் போனேன். அண்ணன் வரவில்லை. கொட்டகைக் காவல்காரர் ஒரு வயதானவர், இடிந்த பக்கத்தைக் காட்டிவிட்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "நீங்க வர்றதுக்கு மொத நாளே அந்தப் பெரியவர் வந்து, காலையிலிருந்து பொழுதோட வரைக்கும் ஒவ்வொரு தகடாத் தட்டி வெச்சுப்போட்டுப் போனாருங்க அம்மணி. அவ்வளவு அக்கறை. அப்படியும் விழுந்துபோச்சு பாருங்க."

நான் அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவர் அதையே சொன்னார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நிற்கிற பக்கத்தில் ஏணியைப் போடச் சொல்லி ஏறினேன். அந்த ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பத்தாவது ட்ரஸ்ஸின் தகட்டில் எட்டணாக் காசு அளவுக்கு வட்ட வட்டமாகக் குழிகள். சுத்தியல் முகத்தின் தடம். பக்கத்துத் தகட்டிலும் அதேதான். ஏணியை நகர்த்தி நகர்த்தி, நின்றிருந்த ஏழு ட்ரஸ்களையும் பார்த்தேன். ஒன்று விடாமல் தட்டியிருந்தார். நகத்தைக் கொடுத்து நெம்பினால் தகடு ஆடியது.

தகட்டின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டையின் மேல் தட்டியிருந்தால் தடமே விழுந்திருக்காது. தச்சு வேலை தெரிந்த யாருக்கும் இது தெரியும். அவருக்கு அதற்குக்கூட அவசியம் இருக்கவில்லை. நான் ஏறிப் பார்க்க மாட்டேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். ஏணியின் மேல் நின்றபடி எனக்கு முதலில் புரிந்தது அதுதான். கூரை விழுந்ததைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கீழே ஒரு பெண்ணின் கை போயிருக்கிறது; நான் என் மானத்தை நினைத்துக்கொண்டு மேலே நிற்கிறேன்.

விசாரணையில் அண்ணனையும் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா அம்மணி?" என்று கேட்டார். எப்போதும் கேட்கிற அதே குரல். உள்ளே அதிகாரி அவரிடம், நீங்கள் சொன்ன அளவுகள் சரியானவையா என்று கேட்டார்.

"சரிதானுங்க. அன்னைக்கு எல்லாத் தகடும் ஒட்டித்தானுங்க இருந்துச்சு. நான் இல்லாததைச் சொல்லலீங்க."

தட்டியதைப் பற்றி நான் சொன்னேன். அது பராமரிப்பு, கூரை போட்டவன் அவ்வப்போது செய்கிறதுதான் என்றார். தட்டிய தகடு பிடிக்காது என்று வெல்ல ஆலையில் அவர் சொன்னதை, குறிப்பேட்டைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சினியரம்மா சொல்வது எனக்கு ஞாபகம் இல்லை என்றார். அதிகாரி நியாயமான மனிதர்தான். அவர் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்: கையெழுத்து யாருடையது? நீங்கள் ஏறிப் பார்த்தீர்களா? இரண்டுக்கும் என்னிடம் இருந்த பதிலைக் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு என் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அண்ணனுக்கு உரிமம் என்று ஒன்று இல்லை, நிறுத்துவதற்கு.

அவர் சொன்ன ஒரு அளவும் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆறாமல் இருந்திருக்காது. என்னிடம் பொய் சொல்ல வேண்டி வரக்கூடாது என்று ஒரு பகல் முழுக்க உழைத்திருக்கிறார். தன் நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, என் கையை அழுக்காக்கினார். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் சம்பந்தி வீட்டுக் கொட்டகையை மூடச் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மகளைக் கொடுக்கிற இடம். நம் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பயம் கிடையாது. ஆனால் அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு கூரைக்கு வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் அம்மணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் ஏன் என்று கேட்டிருக்கக்கூட மாட்டேன்.

பாவாத்தாளை நான் பலமுறை போய்ப் பார்த்தேன். முதல் தடவை போனபோது அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இடது கையால் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். கூரையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் என்கிறார்களே, இன்னொருவர் எங்கே என்று மட்டும் கேட்டார். வருவார் என்றேன். அடுத்த முறையும் கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. திருமூர்த்தி அண்ணன் ஒருநாளும் அங்கே போகவில்லை. சம்பந்தி வீட்டுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

உரிமம் இல்லாத அந்த இரண்டு வருடத்தில், மற்றவர்கள் கையெழுத்துப் போடும் படங்களை வரைந்து கொடுத்து அலுவலகத்தை நடத்தினேன். சுடிதார் வாங்கினேன். ஏணி ஏறப் பழகினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஆயிற்று. அண்ணன் செய்த கூரையை அண்ணனையே சோதிக்க விட்டது யார் என்ற கேள்வியும் ஏணியில் கூடவே ஏறி வந்தது. ஜன்னலோர இருக்கையும் முதல் இளநீரும் எனக்குச் சௌகரியமாக இருந்தன. ஏற வேண்டாம் என்று ஒருவர் பணிவோடு சொன்னபோது, ஏறித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டியது நான். அதை அவர் தலையில் கட்ட மாட்டேன். மற்றதெல்லாம் அவர் தலையில்தான்.

கடைசியாக அவரைப் பார்த்தது இந்த வருடம் தை மாதத்தில். சொல்லாமல் கொள்ளாமல் என் அலுவலகத்துக்கு வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நன்றாக இளைத்திருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை, அவராகவே உட்கார்ந்தார். டீ சொல்லவில்லை. ஆறு வருடம் ஒன்றாகத் திரிந்த மனிதருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர் என் மேசை மேலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். கடைசியில் நானே கேட்டேன். கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லிவிட்டார். யோசித்து வைத்திருந்த பதிலாகத் தெரியவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீங்க கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க அம்மணி. கால்ல உழுந்தாலும் போட்டிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியுமுங்க."

அவர் மேசையைப் பிடித்து எழுந்து, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குத்தான் வந்தாரா, வந்து முடியாமல் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால் அந்த ஒரு பதில்தான். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்ததற்கு எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன, சால்வைகள் போட்டிருக்கிறார்கள். கூட இருக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும், இவளும் ஒருநாள் வளைந்துவிடுவாள் என்று. என் வீட்டிலேயே அந்தச் சந்தேகம் உண்டு. எனக்கே உண்டு. காலில் விழுந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று துளியும் சந்தேகமில்லாமல் அறிந்து வைத்திருந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். அறிந்திருந்ததால்தான் என்னை ஏமாற்றினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அவரை எடுத்துக்கொண்டு போனபோது, என்னை அப்படி அறிந்த ஒரே ஆள் போகிறார் என்று தோன்றி, அங்கேதான் முதன்முதலாக எனக்கு அழுகை வந்தது.